ஊசி குத்தியதா, உட்கார்ந்து கேட்டதா? யார்க் மனச்சோர்வு ஆய்வை முன்வைத்து

"மனச்சோர்வுக்கு அக்குபங்சர், கவுன்சலிங்குக்கு நிகரானது. இங்கிலாந்துல நிரூபிச்சுட்டாங்க." இந்த வாக்கியத்தை நீங்களும் எங்கேயாவது படித்திருப்பீர்கள். சிகிச்சை மையத்தின் நோட்டீசாக இருக்கலாம், வாட்ஸ்அப் ஃபார்வேர்டாக இருக்கலாம், யூடியூப் காணொளியின் நடுவில் ஒரு வரியாக இருக்கலாம். ஆய்வின் பெயரோ வருஷமோ இருக்காது. இங்கிலாந்து என்ற ஊர்ப் பெயர் மட்டும் சாட்சி மாதிரி நிற்கும்.

அப்படி ஒரு ஆய்வு இருக்கத்தான் செய்கிறது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஹ்யூ மெக்ஃபெர்சனும் அவர் குழுவும் நடத்தி, 2013 செப்டம்பரில் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியிட்டது. நல்ல ஆய்வு. மோசமான ஆய்வை விமர்சிப்பது சுலபம், அதில் பிரயோஜனமும் குறைவு. நல்ல ஆய்வு எதைச் சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே செய்யப்போவது அதுதான்.

முதலில் ஆய்வின் கதை. வட இங்கிலாந்தில் 27 பொது மருத்துவர் நிலையங்கள் வழியாக 755 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் நடுத்தரம் அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள். குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: 302 பேருக்கு அக்குபங்சர், 302 பேருக்கு கவுன்சலிங், மீதி 151 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். முதல் இரண்டு குழுவுக்கும் வழக்கமான மருத்துவம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. அதற்கு மேல்தான் வாரம் ஒரு முறை, அதிகபட்சம் 12 அமர்வுகள். சராசரியாக அக்குபங்சருக்கு 10 முறையும், கவுன்சலிங்குக்கு 9 முறையும் போயிருக்கிறார்கள். ஆய்வில் சேரும்போதே பத்தில் ஏழு பேர் மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

அளவுகோல் பிஎச்க்யூ-9. ஒன்பது கேள்விகள், 0 முதல் 27 வரை மதிப்பெண், கூடினால் சோர்வும் கூடுதல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான மருத்துவக் குழுவைவிட அக்குபங்சர் குழு 2.46 புள்ளி கீழே இருந்தது. கவுன்சலிங் குழு 1.73 புள்ளி கீழே. இரண்டும் புள்ளியியல் படி தற்செயல் என்று ஒதுக்க முடியாத வித்தியாசங்கள். அக்குபங்சருக்கும் கவுன்சலிங்குக்கும் இடையில் அப்படிப்பட்ட வித்தியாசம் இல்லை. மாதங்கள் போகப் போக மூன்றாவது குழுவும் தேறிக்கொண்டே வந்தது. 9-ஆம் மாதத்திலும் 12-ஆம் மாதத்திலும் தனியாக எடுத்துப் பார்த்தால் தெளிவான இடைவெளி மிஞ்சவில்லை.

"நிகரானது" என்ற சொல் பிறந்த இடம் இதுதான். அதிலேயே முதல் கோளாறும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் தென்படவில்லை என்பது ஒரு கூற்று. இரண்டும் சமம் என்பது வேறு கூற்று. சமம் என்று காட்ட வேண்டுமென்றால் ஆய்வை அதற்காகவே வடிவமைக்க வேண்டும்: எவ்வளவு இடைவெளி வரைக்கும் சமம் என்று ஏற்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, விடை அதற்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வு இரண்டையும் 'ஒன்றுமே கூடுதலாக இல்லை' என்ற நிலையோடு ஒப்பிடக் கட்டப்பட்டது. அதோடு இங்கே கவுன்சலிங் என்பது மனிதநேய வகை உரையாடல். சிபிடி என்று சொல்கிறோமே, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் முறை, அது இல்லை. நோட்டீஸ் எழுதுபவர்களுக்கு கவுன்சலிங் என்றால் எல்லாம் ஒன்றுதான்.

2.46 என்பது பெரிசா சின்னதா? ஒரு நோயாளி தன் வாழ்க்கையில் உணரக்கூடிய மாற்றம் என்று பிஎச்க்யூ-9-இல் 5 புள்ளியைச் சொல்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் இது சின்னதுதான். ஆனால் இந்த அளவுகோலை ஊசிக்கு மட்டும் நீட்டக் கூடாது. 2018-இல் 'லான்செட்'டில் சிப்ரியானி குழு 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மேல் உள்ள தரவை, ஒன்றாகக் கோத்தது. 21 மாத்திரைகளும் பிளாசிபோவைவிட மேல்தான் என்று வந்தது, ஆனால் சராசரி வித்தியாசம் மிதமானது. மனச்சோர்வில் எந்த சிகிச்சையும் சுவிட்சைப் போட்ட மாதிரி வேலை செய்வதில்லை. அக்குபங்சரை அடிக்க இந்தக் கம்பைத் தூக்குகிறவர்கள் மாத்திரை மேலும் அது விழும் என்பதைத் தெரிந்துகொண்டே தூக்க வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மாத்திரை பிளாசிபோ மாத்திரையோடு மோதி அந்தச் சின்ன வித்தியாசத்தைச் சம்பாதித்தது. யார்க் ஆய்வில் ஊசி எதோடும் மோதவில்லை. போலி ஊசிக் குழு என்று ஒன்று அங்கே கிடையாது. தனக்கு ஊசி கிடைத்ததா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியும். மதிப்பெண் போடுபவரும் அந்த நோயாளிதான். மூன்றாவது குழுவில் விழுந்தவருக்கு, "உனக்குப் புதுசா ஒண்ணும் இல்லை" என்பதும் தெரியும். அந்த ஏமாற்றமும் மதிப்பெண்ணில் கலந்திருக்கும். போதாததற்கு, அக்குபங்சர் நிபுணர்கள் வாழ்க்கைமுறை ஆலோசனைகளும் சொல்லலாம் என்று ஆய்வுத் திட்டமே அனுமதித்தது.

ஆகவே யார்க் காட்டியது இதை: வாரா வாரம் ஒருவரைத் தேடிப் போய், அவர் நம்மைப் பற்றி அக்கறையாக விசாரித்து, படுக்கச் சொல்லி, ஊசி வைத்து, நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால், அந்த மொத்தமும் சேர்ந்து மூன்று மாதத்தில் கொஞ்சம் உதவுகிறது. இதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. ஆசிரியர்களும் அதை மறைக்கவில்லை. எது குறிப்பான விளைவு, எது பொதுவான விளைவு என்று தங்கள் வடிவமைப்பால் பிரிக்க முடியாது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். நோட்டீஸுக்கு வரும் வழியில் அந்தப் பக்கம் கிழிந்துபோயிற்று.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் வேறு. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜான் ஆலனும் ரோசா ஷ்னையரும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இவர்களுடையது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1998-இல் அவர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 38 பெண்கள். ஒரு குழுவுக்கு அவரவர் மனச்சோர்வுக்கென்று திட்டமிட்ட புள்ளிகளில் ஊசி. இன்னொரு குழுவுக்கும் நிஜ ஊசிதான், நிஜப் புள்ளிகள்தான். ஆனால் மனச்சோர்வோடு சம்பந்தமில்லாத உபாதைகளுக்கான புள்ளிகள். மூன்றாவது குழு எட்டு வாரம் காத்திருந்தது. இதில் அழகு என்னவென்றால், சிகிச்சைத் திட்டம் எழுதுபவர் ஒருவர், ஊசி போடுபவர் வேறொருவர். கையில் இருப்பது எந்த ரகத் திட்டம் என்று ஊசி போடுபவருக்குத் தெரியாது. அக்குபங்சர் ஆய்வில் சிகிச்சை தருபவரின் கண்ணையும் கட்ட முடியாது என்று எல்லோரும் கையை விரித்துக்கொண்டிருந்தபோது இவர்கள் கட்டிவிட்டார்கள். குறிவைத்த ஊசிகள் மற்ற ஊசிகளைவிட நன்றாக வேலை செய்தன என்று முடிவு வந்தது. குறிவைத்த சிகிச்சையை முடித்த பெண்களில் 64 சதவீதம் பேர் முழுமையாகத் தேறினார்கள். பரபரப்பாகத்தான் இருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அந்த 64 சதவீதத்தை வைத்தே காலம் ஓட்டியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அதே வடிவமைப்பை 151 பேரிடம் திரும்பச் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். இந்த முறை இரண்டு ஊசிக் குழுவும் காத்திருந்த குழுவைவிடத் தேறின. ஆனால் குறிவைத்த ஊசி மேலே வரவில்லை. எட்டு வார முடிவில் சிகிச்சைக்கு இசைந்தவர்கள், குறிவைத்த குழுவில் 22 சதவீதம், குறிவைக்காத குழுவில் 39 சதவீதம். சம்பந்தமில்லாத புள்ளிதான் சிறந்தது என்று சொல்ல இது போதாது. சம்பந்தமுள்ள புள்ளி சிறந்தது என்று சொல்ல மட்டும் இதில் வழியே இல்லை. தாங்களே நம்பிய ஒன்றைத் தாங்களே பெரிதாகச் சோதித்து, கிடைத்த விடையை அப்படியே அச்சில் போட்டார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் 1998-ஐத்தான் காட்டுவார்கள், அது வேறு விஷயம்.

மனச்சோர்வில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 2007-இல் வெளிவந்த நாள்பட்ட இடுப்பு வலி ஆய்வில் 1162 பேர். ஆறு மாதம் கழித்து நிவாரணம் கண்டவர்கள்: நிஜப் புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி போட்டவர்களில் 44.2 சதவீதம், மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி ஆதரவாளர் முதல் எண்ணையும் மூன்றாவதையும் படிப்பார். சந்தேகவாதி முதல் இரண்டையும் படிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஆதரவாளர்களின் பதில் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. "போலி ஊசி ஒன்றும் வெறும் சர்க்கரை மாத்திரை இல்லையே, தோலைத் தொட்டாலே நரம்பு பேச ஆரம்பித்துவிடுமே" என்கிறார்கள். ஸ்வீடனின் லுண்ட், லுண்டெபெர்க் இருவரும் 2006-இல் இதை விரிவாக எழுதினார்கள். மெதுவான தொடுதலுக்கென்றே தோலில் சில நரம்பிழைகள் இருக்கின்றன. அவை உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. எனவே போலியே பாதி நிஜம். அதோடு ஒப்பிட்டால் நிஜம் சின்னதாகத்தான் தெரியும் என்பது வாதம். நியாயமான வாதம்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. எங்கே குத்தினாலும், குத்தாமல் தொட்டாலும் பலன் உண்டு என்று சொன்னால், 'கோபம் கல்லீரலில் தங்கும், கவலை மண்ணீரலில், துக்கம் நுரையீரலில், பயம் சிறுநீரகத்தில். இன்ன ஓட்டப் பாதையில் இன்ன புள்ளியைத் திறந்தால் அது இறங்கும்' என்ற மொத்த வரைபடமும் தேவையில்லாமல் போகிறது. வரைபடம் சரி என்றால் தப்பான புள்ளி தோற்க வேண்டும். தப்பான புள்ளியும் ஜெயிக்கிறது என்றால் வரைபடம் அலங்காரம். ஆய்வு சாதகமாக வரும்போது வரைபடத்தைக் காட்டுவதும், பாதகமாக வரும்போது நரம்பிழையைக் காட்டுவதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலை இல்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. நம் ஊரில் அக்குபங்சர் என்ற பெயரில் பரவலாக நடப்பது ஊசியே இல்லாதது. நாடி பார்ப்பார்கள், பல நேரம் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுவார்கள், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். தொடு சிகிச்சை என்றே அதற்குப் பெயர். மறுபக்கம், ஜெர்மனியின் ஸ்ட்ரைட்பெர்கர் 1998-இல் 'லான்செட்'டில் ஒரு போலி ஊசியை அறிமுகப்படுத்தினார். மேடை நாடகக் கத்தி மாதிரி. தோலைத் தொட்டதும் ஊசி கைப்பிடிக்குள் போய்விடும், உள்ளே இறங்காது. அதாவது, சரியான புள்ளியைத் துளைக்காமல் தொடுவது. அங்கே எதைப் 'போலி' என்று வைத்து அளக்கிறார்களோ, கிட்டத்தட்ட அதுதான் இங்கே 'சிகிச்சை'! யார்க்கில் போட்டதோ நிஜ ஊசி, 12 வாரம், மருத்துவரின் கண்காணிப்போடு. அந்த முடிவை எடுத்துக்கொண்டு வந்து தொடு சிகிச்சை மையத்தின் வாசலில் மாட்டுவது, ஒருவர் பாஸ் செய்த பரீட்சைக்கு இன்னொருவர் சான்றிதழ் வாங்கிக்கொள்வதுதான். தொடு சிகிச்சை பலிக்காது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பலிக்கும் என்று யார்க் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, புள்ளி முக்கியமில்லை என்றால் எது முக்கியம்? ஹார்வர்டின் டெட் கப்ச்சக் நடத்திய ஆய்வு இதில் எனக்குப் பெரிய திறப்பு. கப்ச்சக் சும்மா வெளியிலிருந்து கல்லெறிபவர் அல்ல. மக்காவில் சீன மருத்துவம் படித்தவர், அதைப் பற்றிப் புகழ்பெற்ற அறிமுக நூல் எழுதியவர். 2008-இல் 'பிஎம்ஜே'யில் வந்த இந்த ஆய்வில் குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேர். ஒருவருக்கும் நிஜ ஊசி கிடையாது, எல்லாமே உள்ளே போகாத போலி ஊசி. முதல் குழு வெறுமனே காத்திருந்தது. இரண்டாவது குழுவுக்குப் போலி ஊசி, ஆனால் பேச்சு மிகக் குறைவு: வந்தோம், போட்டோம், போனோம். மூன்றாவது குழுவுக்கு அதே போலி ஊசியோடு, உட்கார்ந்து கேட்டு, வாழ்க்கையைப் பற்றி விசாரித்து, நம்பிக்கையாகப் பேசும் சிகிச்சையாளர். போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள்: 28, 44, 62 சதவீதம்.

28-இலிருந்து 44-க்கு ஏற்றியது சடங்கு. 44-இலிருந்து 62-க்கு ஏற்றியது மனிதர்.

இதைப் படித்துவிட்டு "ஆக எல்லாம் மனப்பிரமை" என்று முடிப்பவர்களோடு எனக்கு ஒட்டாது. நம் ஊர் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு டோக்கனுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கிறது என்று நமக்குத் தெரியும். சீட்டு எழுதும் கை நிமிராது. அந்தப் பக்கம் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, "தூக்கம் எப்படிம்மா? பசி எடுக்குதா? எதையாவது நினைச்சுக்கிட்டே இருக்கீங்களா?" என்று கேட்கிறார். முதல் தடவையாக ஒருத்தர் கேட்கிறார். அந்த அம்மா அழுதுவிட்டு, லேசாகி வீட்டுக்குப் போகிறார். அந்த லேசு பொய் இல்லை. அதற்கு எந்தப் புள்ளி காரணம் என்ற விளக்கம்தான் சந்தேகத்துக்குரியது.

இன்னொன்றும் இருக்கிறது. மனசு சரியில்லை என்று சொல்லி டாக்டரிடம் போக நம்மில் பலருக்கு நாக்கு எழாது. உடம்பு வலி, நெஞ்சு படபடப்பு, தலை பாரம், கை கால் ஓய்ச்சல் என்றால் போகலாம். இது நமக்கு மட்டுமான சங்கதி இல்லை. 1980-இல் சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் மானுடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆர்தர் கிளைன்மன், 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயரிடப்பட்டிருந்த 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அமெரிக்க வரையறைப்படி பார்த்தால் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு. அவர்கள் சொன்னதெல்லாம் தலைவலி, தூக்கமின்மை, அசதி. கலாசாரப் புரட்சியில் இழந்தவற்றைப் பற்றி வாயால் சொல்ல முடியாதவர்கள் உடம்பால் சொன்னார்கள். அக்குபங்சர் மாதிரி உடம்பின் வழியாகப் போகும் சிகிச்சை அப்படிப்பட்டவருக்கு ஒரு கதவைத் திறக்கிறது. "எனக்குப் பைத்தியம் இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய பாரம் இல்லாமல் அவர் உள்ளே வரலாம்.

யார்க் தரவிலேயே இதற்கு ஒரு சாடை உண்டு. அந்த 755 பேரில் பாதிப் பேருக்கு மனச்சோர்வோடு உடம்பு வலியும் இருந்தது. 2014-இல் அதே குழு அவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, வலி உள்ளவர்களிடம் முதல் மூன்று மாதத்தில் அக்குபங்சர் கவுன்சலிங்கைவிடக் கூடுதலாக உதவியதாகத் தெரிந்தது. பின்னால் பிரித்தெடுத்த கணக்கு என்பதால் இதை ஒரு சாடையாகத்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் யோசிக்க வைக்கிற சாடை.

மொத்த ஆதாரத்தையும் கூட்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2018-இன் காக்ரேன் தொகுப்பு 64 ஆய்வுகளை, 7104 பேரை எடுத்துக்கொண்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மிதமான பலன் இருக்கலாம், போலி ஊசியைவிடச் சிறிய பலன் இருக்கலாம், ஆதாரத்தின் தரம் குறைவு. எல்லாம் 'லாம்' விகுதி. இதில் இன்னொரு உறுத்தலும் சேரும்: 1998-இல் விக்கர்ஸ் குழு எந்தெந்த நாட்டு ஆய்வுகள் என்ன முடிவு சொல்கின்றன என்று எண்ணிப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகளில் ஒன்றுகூடப் பாதகமாக இல்லை. தோல்வியே இல்லாத இடத்தில் பரீட்சை நடந்ததா என்றுதான் கேட்கத் தோன்றும்.

பதட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன் வரும் பயத்துக்குக் காதில் ஊசி வைத்துப் பார்த்த ஆய்வுகள் ஓரளவு சாதகமானவை. ஆனால் அது ஒரு மணி நேரத்துப் பயம், வருஷக்கணக்கில் கூடவே வரும் பதட்டம் அல்ல. எதிர்த்திசையில் சொல்ல வேண்டிய ஒன்று: 2024-இல் 'ஜாமா சைக்கியாட்ரி'யில், கலிஃபோர்னியா லாங் பீச்சில் போர் அனுபவத்தால் மனம் பாதிக்கப்பட்ட 93 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு. போலி ஊசியைவிட நிஜ ஊசி தெளிவாக மேலே வந்தது. நான் மேலே எழுதியதோடு இது ஒட்டவில்லை. ஒட்டாதது தெரிந்தே எழுதுகிறேன். 38 பேர் ஆய்வுக்கு அரிசோனாவில் என்ன ஆயிற்று என்பதையும் மறக்காமல், இதை யாராவது பெரிய அளவில் திரும்பச் செய்யும்வரை காத்திருப்பேன்.

ஆபத்து? ஊசியால் பெரிதாக இல்லை. ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்ததில் 8.6 சதவீதம் பேருக்குச் சின்னச் சின்ன ரத்தக் கசிவு, வலி மாதிரியான உபாதைகள். நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்தது இரண்டே பேருக்கு. பயிற்சி பெற்றவர் கையில், புது ஊசியில், இது பாதுகாப்பான சமாச்சாரம்.

ஊசியைவிட எனக்குப் பயம் தருவது ஊசியோடு சேர்ந்து வரும் பேச்சு. "ரசாயன மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. நிறுத்தினதும் தலை சுத்தும், தூக்கம் போகும், எரிச்சல் வரும். பயப்படாதீங்க, அது கழிவு வெளியேறுது." மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று மருத்துவப் புத்தகத்தைப் பாருங்கள்: தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கேடு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு சுரீர். அச்சு அசலாக அதே பட்டியல். மருந்து விலகலின் அறிகுறியை எடுத்து, சிகிச்சை வேலை செய்வதன் அறிகுறி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். இந்த விளக்கத்தின் சாமர்த்தியம், அதைத் தோற்கடிக்கவே முடியாது. தேறினால் சிகிச்சை பலித்தது. மோசமானால் கழிவு வெளியேறுகிறது. ரொம்ப மோசமானால் இத்தனை வருஷம் தின்ற மாத்திரையின் பாவம். அந்த 'ரொம்ப மோசம்' என்பதற்குள் பழைய சோர்வு திரும்ப வருவதும் இருக்கலாம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் இருக்கலாம். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர் அதைச் சட்டென்று விட்டால் பித்து நிலை திரும்பும் அபாயம் உண்டு. இதைக் கழிவு என்று பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் யார் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்?

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வேண்டும். யார்க் ஆய்வில் பத்தில் ஏழு பேர் மாத்திரையோடுதான் உள்ளே வந்தார்கள். யாரும் அவர்களை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த 2.46 புள்ளி, வழக்கமான மருத்துவத்துக்கு மேல் வைத்த துணையின் மதிப்பு. மருத்துவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த மாற்றின் மதிப்பு இல்லை. அதே ஆய்வைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் ஆய்வைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறார். ஆகவே சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே போதும்: "டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டே வரலாமா?" "தாராளமா வாங்க, அதைக் கூட்டுறதும் குறைக்கிறதும் அவர்கிட்டயே பேசிக்கங்க" என்பவரிடம் போகலாம். வேறு பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொள்ளலாம். நடுராத்திரியில் தாங்க முடியாமல் இருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

உட்கார்ந்து கேட்பதுதான் மருந்தின் பெரும்பகுதி என்றால், அதை ஊசி இல்லாமல் நேராகவே கொடுத்துப் பார்த்தால் என்ன? பார்த்திருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே. கோவாவில் விக்ரம் படேல் குழு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் செய்து 2017-இல் 'லான்செட்'டில் வெளியிட்டது. பேசியவர்கள் டாக்டர்கள் இல்லை, மனநலப் பட்டம் பெற்றவர்களும் இல்லை. உள்ளூர் ஆட்கள், சில வாரப் பயிற்சி, ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். விட்டுப்போன வேலைகளைச் சின்னச் சின்னதாகத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் முறை. மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். அது கிடைக்காத குழுவில் 39 சதவீதம். நான் யார்க் மேல் வைத்த குறை இதற்கும் பொருந்தும்: இங்கேயும் போலிப் பேச்சுக் குழு கிடையாது, நோயாளிக்குத் தான் எந்தக் குழு என்று தெரியும். எண்களையும் யார்க்கோடு நேராக ஒப்பிட முடியாது, அளந்த விதமும் ஆட்களும் வேறு. ஆனால் இங்கே கல்லீரலில் கோபம் தங்குகிறது என்று யாரும் நம்ப வேண்டியிருக்கவில்லை, மாத்திரையைக் கழிவு என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒரு தொடு சிகிச்சை மையமும், இப்படிப் பயிற்சி பெற்ற ஒரு உள்ளூர் ஆளும், ஒரே தாலுக்காவில், ஒரே அளவு நேரம், ஒரே அளவு அக்கறை. குலுக்கிப் போட்டு ஆறு மாதம் பார்க்க வேண்டும். நம் ஊரில் விரலின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு ஆய்வு போதும்.